வெறுங்கை வியாதி

விதோசாவாவை எங்கள் ஊரில் பாதிப் பேர் வைத்தியம் பார்க்கிற டாக்டர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் டாக்டர்தான், ஆனால் ஊசி போடும் டாக்டர் இல்லை. தலைநகர் பெல்கிராடில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. ஒரு மனுஷன் நோயிலிருந்து தேறி எழுவதற்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது, அவ்வளவு செலவு செய்தும் அவனுக்கு நல்ல வைத்தியம் கிடைக்கிறதா என்று ஊர் ஊராகப் போய்த் துருவிப் பார்த்து, அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும். இதை யாருக்கு விளக்குவது? எங்கள் மருத்துவமனை வராந்தாவில் அவள் வந்து உட்கார்ந்த முதல் நாளே ஒரு கிழவர் கால்சட்டையைச் சுருட்டி முழங்காலைக் காட்டினார்.

"நான் அந்த மாதிரி டாக்டர் இல்ல தாத்தா."

"பரவால்லம்மா, சும்மா பாரு. பாக்குறதுக்கு என்ன, கண்ணு தேஞ்சா போயிடும்?"

பார்த்தாள். வேறு என்ன செய்வாள்?

நான் மிலேவா. அந்த மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் பிரிவின் தலைமைச் செவிலி. விதா என்று நான் கூப்பிடும் விதோசாவாவும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அப்போதே அவளால் எதையும் சும்மா விட முடியாது. நாங்கள் எல்லோரும் திமோக் ஆற்றங்கரையில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருக்கும்போது இவள் மட்டும், ஆளுக்கு ஆள் ஏன் கரண்டி அளவு மாறுகிறது என்று கடைக்காரரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருப்பாள். அவர் கடைசியில் இவளுக்கு மட்டும் கூம்பு நிறைய வைத்துத் தள்ளிவிடுவார். அவளுக்கு அதுவும் பிடிக்காது. எல்லோருக்கும் ஒரே மாதிரி வைக்க வேண்டும் என்பாள்.

அப்படிப்பட்டவள் எங்கள் மருத்துவமனைக்கு ஆராய்ச்சி செய்ய வந்தால் எப்படி இருக்கும்? எங்கள் ஊரில் குணமாகி வீட்டுக்குப் போகிற யாரும் வெறுங்கையோடு போவதில்லை. செவிலிகளுக்குக் காபிப் பொட்டலம், டாக்டருக்கு ஒரு புட்டி. கிராமத்துக்காரர்கள் பாலாடைக்கட்டி, புகையில் வாட்டிய இறைச்சி, குடைமிளகாய்த் துவையல் என்று கொண்டுவருவார்கள். அறுவைக்கு முன்னால் கொடுத்தால் லஞ்சம், பின்னால் கொடுத்தால் நன்றி. இந்த வித்தியாசம் எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். விதாவுக்கு மட்டும்தான் தெரியவில்லை. தெரிந்தும் தெரியாதவள் போல நடித்தாள் என்பது என் கட்சி.

வாசலில் நின்றுகொண்டு வருகிறவர்களை மடக்கி மடக்கிக் கேட்பாள். ஒரு தடவை ஒரு கிராமத்து அம்மா கக்கத்தில் பையை இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா கொண்டுவந்திருக்கீங்க?"

"ஒண்ணுமே இல்லையே."

"பை கொக்கரிக்குதே?"

"அது நம்ம வீட்டுக் கோழிம்மா. தனியா விட்டுட்டு வந்தா பயந்துக்கும்."

நான் உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தேன். விதா சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் செவிலிகள் அறையில் எங்கள் காபியைக் குடித்துக்கொண்டே எங்களைத் திட்டினாள்.

"மருந்துக்கு ஆகுற செலவவிட உங்களுக்கு நன்றி சொல்ல ஆகுற செலவு ஜாஸ்தியா இருக்குடி. அந்தம்மா முட்டை வித்துப் பொழைக்கிறா. முட்டை போடுற கோழியையே கொண்டாந்துட்டா."

"நான் கேட்டேனாடி?"

"நீ கேக்கல. வேணாம்னும் சொல்லல."

அவள் சொன்னது சரிதான். அதனால்தான் எனக்கு அத்தனை கோபம் வந்தது.

அவள் எழுதிக் கொடுத்ததன் பேரில் வாசலில் பெரிதாக ஒரு போர்டு மாட்டினார்கள். டாக்டர்களுக்கும் செவிலிகளுக்கும் யாரும் எந்தப் பரிசும் கொடுக்கக் கூடாது. விதா அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டாள். எங்கள் ஜனங்களும் போர்டைப் படித்தார்கள். படித்து, அவர்கள் பாணியில் புரிந்துகொண்டார்கள்.

"போர்டே வெச்சுட்டாங்கன்னா என்ன அர்த்தம்? காபியெல்லாம் இனிமே செல்லாதுன்னு அர்த்தம்," என்றார் வராந்தாவில் ஒரு கொத்தனார்.

"ஆமாமா. சின்னதா கொண்டாந்து அசிங்கப்படாதேன்னு மரியாதையா சொல்றாங்க," என்றாள் அவர் மனைவி.

வசதி உள்ளவர்கள் ஒரு புட்டிக்குப் பதில் இரண்டாகத் தூக்கிக்கொண்டு, டாக்டர் திஹோமிரின் காருக்குப் பக்கத்தில் ஒளிந்து நின்றார்கள். பாவம் திஹோமிர். எங்கள் தலைமை அறுவை மருத்துவர். ஆள் மலை மாதிரி இருப்பார், வயிற்றில் புண், ஒரு சொட்டு குடிக்க மாட்டார். வீட்டில் கார் நிறுத்துகிற இடம் முழுக்கப் புட்டி அடுக்கியிருந்ததால் அவருடைய கார் மழையிலேயே நின்று துருப்பிடித்தது.

அதாவது பரவாயில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. அறுவை முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் கட்டு மாற்ற வருவது குறைந்துகொண்டே போனது. கீழ்த்தளத்தில் கட்டு மாற்றும் அறை காலியாகக் கிடந்தது. வீட்டிலேயே இருந்து, தையல் சீழ் பிடித்து, காய்ச்சலோடு ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார்கள். ஒருவருக்கு மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியதாயிற்று. விதாவுக்குத் தூக்கம் போய்விட்டது. மாதம் ஒருமுறை வந்தவள் வாரம் ஒருமுறை வந்தாள். பஸ் வசதி இல்லையோ என்று பஸ் நேரத்தை மாற்றவைத்தாள். காத்திருக்க முடியவில்லையோ என்று நல்ல நாற்காலி போடவைத்தாள். ஒருவரும் வரவில்லை. கடைசியில் என்மேல் பாய்ந்தாள்.

"உங்க ஆளுங்க சிடுசிடுன்னு விழுறாங்க. அதான் வர மாட்டேங்குறாங்க."

"சிடுசிடுப்பெல்லாம் உன் போர்டுக்கு முன்னாடியே எங்களுக்குப் பழக்கம். அப்ப வந்தாங்களேடி!"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு பெல்கிராடுக்குக் கிளம்பிவிட்டாள். 

இந்த நேரம் பார்த்து அவள் அப்பாவுக்குக் குடலிறக்கம். ஸ்வெதோசார் மாமாவைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. பெயருக்கு ஒரு ரயில் நிலையம், அதில் காலமெல்லாம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். மனைவி போன பிறகு தனியாக இருந்தார். அவர் காய்ச்சும் பிளம் சாராயத்துக்கு மூன்று ஊரில் பெயர் உண்டு. அறுவைக்கு நாள் குறித்ததும் விதா போனில் அவருக்குச் சட்டம் போட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அப்பா, ஒரு சொட்டுகூட அங்க கொண்டுபோகக் கூடாது. ஒரு பழம்கூடக் கூடாது. அந்த போர்டை வெக்கச் சொன்னதே நான். என்னைப் பெத்தவரே புட்டியோட போய் நின்னா என் மானம் கப்பலேறிடும்."

"சரிம்மா," என்றார் மாமா. அவ்வளவுதான் சொன்னார்.

திஹோமிர் நன்றாகத்தான் அறுவை செய்தார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் மாமா கோட்டு, டை எல்லாம் போட்டுக்கொண்டு டாக்டர் அறைக்கு முன்னால் நின்றார். டாக்டர் வெளியே வந்ததும் ஏதோ முணுமுணுத்தார். பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாத்தியாரிடம் திட்டு வாங்கிய பையன் போல நடந்து போனார். வலி போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

கட்டு மாற்றுவது என் பிரிவில் இல்லை, கீழே. அதனால் அவர் வருகிறாரா என்று நான் பார்க்கவில்லை. சுகாதார அமைச்சகக் கூட்டத்துக்கான வேலையில் அந்த வாரம் ஊருக்கு வர முடியாமல், விதா தினமும் பெல்கிராடிலிருந்து போன் செய்தாள். போனேன், கட்டு மாற்றினார்கள் என்று அவரும் சொன்னார். அதுவும் சும்மா சொல்லவில்லை. மருந்து ஜில்லென்று இருந்ததாம், அந்தப் பெண் பூப்போல ஒத்தி எடுத்தாளாம், ஜன்னலில் ஒரு செடிகூட வைத்திருக்கிறார்களாம். விதாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியாடி மிலேவா? எங்கப்பா ஒண்ணுமே குடுக்கல. எவ்வளவு நல்லா கவனிச்சுக்குறாங்க பாரு!"

அந்த வெள்ளிக்கிழமை அமைச்சகத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். மருத்துவமனை இயக்குநர் அறையைத் தாண்டி இருக்கும் கூடத்தில் விதா பேசினாள். நன்றாகத்தான் பேசினாள். முடிக்கும்போது, "என் சொந்த அப்பா இங்கே ஒன்றும் கொடுக்காமல் சிகிச்சை பெற்றார், இன்றுவரை அன்போடு கட்டு மாற்றுகிறார்கள், அந்த அறை ஜன்னலில் ஒரு செடிகூட வைத்திருக்கிறார்கள்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். கட்டு மாற்றும் அறைச் செவிலி ஸ்தானியா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் தட்டவில்லை.

"அக்கா, இவங்க அப்பா யாரு?"

"ஸ்வெதோசார் மாமாடி. ஸ்டேஷன் மாஸ்டர்."

"அவரு எங்ககிட்ட வரவே இல்லையே அக்கா! நம்ம ரூம்ல ஜன்னலே கிடையாது, செடி எங்கேர்ந்து வந்துச்சு?"

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. விதாவை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அமைச்சகத்து ஆட்களைக் காபியும் கையுமாக அப்படியே விட்டுவிட்டுக் காரைக் கிளப்பினாள். நானும் ஏறிக்கொண்டேன்.

வெயில் கொளுத்துகிற ஜூன் மாதத்தில் மாமா சமையலறை சோபாவில் கம்பளி போர்த்திக்கொண்டு கிடந்தார். அறை முழுக்கச் சாராய வாடை. குடித்ததால் வந்த வாடை இல்லை. துணியை அதில் நனைத்து வயிற்றில் கட்டியிருந்தார். நான் கட்டைப் பிரித்தேன். தையலைச் சுற்றிச் சிவந்து, தொட்டால் கொதித்தது. ஓர் ஓரத்தில் சீழ் கசிந்தது.

"அப்பா! தினமும் போனேன் போனேன்னு சொன்னீங்களே!"

"போனேம்மா. பொய் சொல்லல. கேட் வரைக்கும் போனேன்."

"கேட் வரைக்கும் போயிட்டு?"

"திரும்பி வந்துட்டேன்." கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்த மனுஷன் என் வயித்தத் திறந்து, உள்ள கைய விட்டு, சரி பண்ணித் தெச்சு அனுப்பியிருக்காரு. நான் ஒரு காபிகூட வெக்காம திருடன் மாதிரி வெளிய வந்தேன். மறுபடி அங்க போய் எந்த மூஞ்சியோட வயித்தக் காட்டுறது? கை வெறுமையா இருந்துச்சும்மா."

"அதுக்குன்னு..."

"கொண்டுபோனா உன் மானம் போகும். கொண்டுபோகலைன்னா என் மானம் போகும். வீட்டுல கெடந்தா ரெண்டும் பத்திரமா இருக்கும்னு நெனச்சேன்."

விதா சோபாவின் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுவதை நான் அன்றுதான் பார்த்தேன். அழுகையிலும் அவளால் ஒன்றைச் சும்மா விட முடியவில்லை.

"அந்த ஜில்லுனு மருந்து, பூப்போல ஒத்துனது, அதெல்லாம் யாருப்பா சொன்னாங்க?"

"கேட்டுக்கு எதிர்ல பெஞ்சு இருக்குல்ல, அங்க பேசிக்குவோம். முன்னாடியெல்லாம் உள்ள எப்படி இருந்துச்சுன்னு. ஜன்னல் செடி மட்டும் நானே வெச்சது."

"பேசிக்குவோமா? யாரெல்லாம்?"

"அந்தக் கொத்தனாரு, கோழிக்கார அம்மா, பித்தப்பை எடுத்த டிரைவரு. எல்லாரும் கட்டு மாத்தக் கெளம்பி வந்தவங்கதான். போர்டப் பாப்போம், கொஞ்ச நேரம் உக்காருவோம், அப்புறம் அவங்கவங்க வீட்டுக்குப் போயிடுவோம். நீகூட ஒரு நாள் வந்து, பஸ்ஸெல்லாம் சரியா வருதான்னு அவங்களக் கேட்டியாமே."

விதா தலையில் அடித்துக்கொண்டாள். கேட்டிருக்கிறாள். பஸ்ஸெல்லாம் பிரமாதமாக வருவதாக அவர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

அன்றே மாமாவைக் கொண்டுவந்து சேர்த்தோம். திஹோமிர் தையலைப் பிரித்துச் சீழெல்லாம் எடுத்தார். வெளியே வந்து, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும், இனி ஒவ்வொரு வேளையும் நன்றாகத் திறந்து பார்த்துச் சுத்தம் செய்தால் பிழைத்துக்கொள்வார் என்றார். விதா நன்றி சொல்ல ஓரடி முன்னால் போனாள். கையைக் கோட்டுப் பைக்குள் விட்டாள், எடுத்தாள். நன்றி சொல்வதற்குக் கை எதற்கு? ஆனால் அவள் கை அங்கே அல்லாடிய அல்லாடலை நான் பார்த்தேன். திஹோமிரும் தர்மசங்கடமாகத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை டாக்டர் சுற்று வந்தபோது மாமா போர்வையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருக்கு டாக்டர். ரொம்ப நல்லா இருக்கு. உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

"காட்டுங்க ஐயா, பாத்துர்றேன்."

"வேணாம் டாக்டர். அடுத்தவரப் பாருங்க."

கெஞ்சிப் பார்த்தார்கள், அதட்டிப் பார்த்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. எத்தனையோ ரயிலை நிறுத்தின கை, போர்வையை விடவில்லை. விதா கட்டில் ஓரத்தில் நின்று பார்த்தாள். விறுவிறுவென்று வெளியே போனாள்.

நான் ஜன்னலுக்குப் போனேன். வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, அந்தப் பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றாள். கொத்தனார் இருந்தார், கோழிக்கார அம்மா இருந்தாள், இன்னும் நாலைந்து பேர். கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசினாள். உள்ளே வாருங்கள், ஒன்றும் வேண்டாம், வெறுங்கையோடு வாருங்கள் என்றுதான் சொல்லியிருப்பாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மூலைக் கடைக்குப் போய் இரண்டு பை நிறையக் காபிப் பொட்டலம் வாங்கி வந்து, ஆளுக்கு ஒன்றாகக் கையில் வைத்தாள்.

எழுந்தார்கள். கொத்தனார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கோழிக்கார அம்மா தலைத்துணியைச் சரி செய்துகொண்டாள். பொட்டலத்தை மார்போடு பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் போலத் தெருவைக் கடந்தார்கள். போர்டுக்குக் கீழே நுழைந்து நேராகக் கட்டு மாற்றும் அறைக்குப் போனார்கள். நான் கீழே இறங்கியபோது இயக்குநர் வராந்தாவுக்கு ஓடி வந்தார்.

"டாக்டர் விதோசாவா, என்னங்க இது? நீங்களே..."

"வயித்தையெல்லாம் பாத்து முடிங்க சார், அப்புறம் என்னத் திட்டுங்க. நானே வந்து நிக்குறேன்."

கீழே ஸ்தானியாவின் மேசையில் காபி குவிந்துகொண்டே போனது. பெஞ்சில் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக விதா அதையே எடுத்து மறுபடி பையில் போட்டாள்.

"ஏய், அது எங்க காபிடி!" என்றேன்.

"கத்தாதடி. இது இன்னும் பல பேர உள்ள கூட்டிட்டு வரணும். என்னோட ஆராய்ச்சியிலயே மலிவான வைத்தியம் இதான்."

"உன் போர்டு?"

"அப்புறம் பாக்கலாம்." ஒரே ஒரு பொட்டலத்தை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். விதா பொட்டலத்தை அவர் கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"உன் மானம் போயிடுமேம்மா," என்றார்.

"போகட்டும்ப்பா. ஊரே பாத்தாச்சு."

டாக்டரைக் கூப்பிட்டு வரச் சொன்னார். அவர் வருவதற்குள் என்னிடம் சீப்புக் கேட்டு வாங்கித் தலையை வாரிக்கொண்டார். திஹோமிர் உள்ளே வந்ததும் படுத்தபடியே பொட்டலத்தை நீட்டினார். "பெருசா ஒண்ணும் இல்ல டாக்டர். காலையில ஒரு வாய் குடிக்க." வயிற்றுப் புண்ணுக்குக் காபியும் ஆகாது. திஹோமிர் அதைச் சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, முகர்ந்து பார்த்து, "அருமையான காபி, ரொம்ப நன்றி ஐயா" என்றார். மாமாவின் முகம் தெளிந்தது. அதன் பிறகு யாரும் கேட்காமலே போர்வையைத் தள்ளி, சட்டையை மேலே தூக்கி, வயிற்றைக் காட்டினார்.